பொருளினுள் உறையும் லினக்ஸும் அதனைக் கற்கும் முறையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தமிழாசிரியன் ஒருவனுக்கு உரியதன்று எனச் சிலர் கருதலாம். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்போனுக்கு இயந்திரக் கலையில் என்ன வேலை என்று வினவுதலும் கூடும். காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றோம். சென்ற ஆண்டு நம் சங்கக் கல்வி நிதியினின்று உதவி வேண்டி விண்ணப்பித்த பிள்ளைகளுட் பலர், இணையவழிப் பாடங்களுக்குக் கட்டணம் கேட்டிருந்தனர். அவ்விண்ணப்பங்களைப் பார்வையிடும் பணி எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. இன்னதென்று அறியாது கொடுத்தலும் குற்றம். அறியாது மறுத்தலும் குற்றம். ஆதலின் அவர்கள் கேட்ட பாடங்களுள் ஒன்றை யாமே இருந்து கேட்பது முறையெனத் துணிந்தோம். அதுவே ‘எம்பெடட் லினக்ஸ் சிஸ்டம் புரோகிராமிங்’ என்பது. எம்மிடம் முன்னர்ப் பயின்ற பிள்ளைகள் மூவர் உடன் அமர்ந்தனர். ஐந்து திங்கள் அளவும் சனிக்கிழமைதோறும் கூடிக் கேட்டோம். அதனால் யாம் அறிந்தவற்றையும், சங்கம் செய்யத்தக்கவற்றையும் இங்குச் சுருங்கக் கூறுவாம்.

லினக்ஸ் என்பது யாது? கணிப்பொறியின் உறுப்புகளாகிய செயலி, நினைவகம், சேமிப்பகம் என்பவற்றை ஆண்டு, ஏனைய நிரல்களுக்கு அவற்றைப் பங்கிட்டு அளிக்கும் மூல நிரலே அது. அதனைக் கர்னல் என்பர். பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991-ஆம் ஆண்டில் இதனை எழுதி வெளியிட்டார். அது பெரிதாய் வளரும் என்று அன்று அவரே எண்ணினாரல்லர். மேசைமேல் இருக்கும் கணிப்பொறிக்கென எழுந்த அக்கர்னல், பின்னர்ப் பல்வேறு பொருள்களினுள்ளும் குடிபுகுந்தது. இணைய இணைப்பை வீட்டினுள் பரப்பும் ரவுட்டர் பலவற்றினுள்ளும், தொலைக்காட்சிப் பெட்டி பலவற்றினுள்ளும், நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியினுள்ளும் இருப்பது அதுவே. 2021 ஏப்ரல் 19-ஆம் நாள் செவ்வாய்க் கோளில் எழுந்து பறந்த ‘இன்ஜெனுவிட்டி’ என்னும் சிறு ஹெலிகாப்டரும் லினக்ஸ் கொண்டே இயங்கிற்று. இவ்வாறு ஒரு பொருளினுள் பொதிந்திருந்து, அப்பொருளின் தொழிலை நடத்தும் லினக்ஸையே எம்பெடட் லினக்ஸ் என்கின்றனர்.

இக்கலையிற் பிறவற்றினும் சிறந்ததோர் இயல்பு உண்டு. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்து, நிரலின் மூலம் மறைக்கப்படலாகாது என்னும் கொள்கையை நாட்டினார். அவர் வகுத்த பொது உரிமத்தை 1992-இல் லினக்ஸ் ஏற்றுக்கொண்டது. அவ்வுரிமத்தின் கருத்து யாதெனில், நிரலைப் பிறருக்கு வழங்குவோன் அதன் மூலத்தையும் அளித்தல் வேண்டும். பெற்றவன் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம் என்பதே. ஏட்டைப் பெட்டியிற் பூட்டி, வேண்டியவர்க்கு மட்டும் காட்டிய காலத்தை நம் முன்னோர் கண்டவர். கற்கும் ஆர்வமிருந்தும் வாயில் அடைபட்டு நின்றார் எத்துணையர்! இங்கோ வாயில் திறந்தே கிடக்கின்றது. குலம், ஊர், செல்வம் என்பவற்றை இம்மூலம் கேட்பதில்லை. ஆயின் திறந்த வாயிலும் நடந்து செல்வார்க்கே பயன்படும் என்க.

இனிப் பாடத்தினுட் புகுவாம். உள்ளங்கையில் அடங்கும் ‘பீகிள்போன் பிளாக்’ என்னும் போர்டைக் கொண்டு யாம் பயின்றோம். அது 2013-இல் வெளிவந்தது. அதில் 512 மெகாபைட் நினைவகம் உண்டு. மின்விசை ஏறியவுடன் அதனுள் நிகழ்வன ஓர் ஒழுங்கில் நிகழ்வன. முதலில், சிப்பினுள் என்றும் அழியாது பொறிக்கப்பட்ட சிறு நிரல் விழிக்கின்றது. பெரிய நினைவகம் இன்னும் ஆயத்தமாகவில்லையாதலின், அது சிப்பினுள்ளேயே உள்ள சிற்றிடத்தில் மற்றொரு சிறு நிரலை ஏற்றுகின்றது. அந்நிரல் பெரிய நினைவகத்தை ஆயத்தம் செய்து, ‘யூ-பூட்’ என்னும் ஏற்றுநிரலை அழைக்கின்றது. யூ-பூட், கர்னலையும், போர்டில் எவ்வெவ்வுறுப்பு எவ்வெவ்விடத்தில் உளது எனக் கூறும் ‘டிவைஸ் டிரீ’ என்னும் அட்டவணையையும் நினைவகத்தில் வைத்துக் கர்னலிடம் ஆட்சியை ஒப்புவித்து விலகுகின்றது. கர்னல் தன் உறுப்புகளை அறிந்து, ‘ரூட் பைல்சிஸ்டம்’ என்னும் கோப்புத் தொகுதியை ஏற்று, ‘இனிட்’ என்னும் முதல் நிரலைத் தொடங்குகின்றது. அதன் எண் 1. ஏனைய நிரல்கள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. இறுதியில் ‘லாகின்’ என்னும் சொல் திரையில் தோன்றுகின்றது. எழுத்தின்றிச் சொல்லும், சொல்லின்றித் தொடரும் அமையாதவாறு போல, இங்கும் முன்னது இன்றிப் பின்னது இல்லை. கோப்புத் தொகுதி காணப்படாவிடின், கர்னல் அதனைத் தெளிவாக அறிவித்து மேற்செல்லாது நின்றுவிடும்.

அப்போர்டுக்கு வேண்டிய நிரலை அதன்மேலேயே இயற்றுவதில்லை. மேசைக் கணிப்பொறியில் இருந்துகொண்டே, வேறு இனத்ததாகிய ‘ஆர்ம்’ செயலிக்கு உரிய மொழியில் நிரலை ஆக்குவர். இதற்குக் ‘கிராஸ் கம்பைலர்’ என்று பெயர். தமிழ்நாட்டில் இருந்துகொண்டே வேற்றுநாட்டார்க்கு அவர் மொழியில் கடிதம் வரைதல் போன்றது இது.

சிஸ்டம் புரோகிராமிங் என்பது, நிரல் கர்னலை நேரே கேட்டுத் தன் காரியத்தை முடித்துக்கொள்ளும் முறை. திற, படி, எழுது, மூடு என்னும் பொருளுடைய நான்கு விண்ணப்பங்களே அதற்கு அடிப்படை. அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் 1969 முதல் உருவாக்கிய யூனிக்ஸ் முறையினின்று வந்த மரபு இது. கருவிகளையும் பெரும்பாலும் கோப்பாகவே கருதும் எளிமை இம்மரபின் உயிர்நாடி. பீகிள்போன் போர்டில் நான்கு சிறு விளக்குகள் உள. அவற்றுள் ஒன்று, கர்னல் உயிரோடிருத்தலைக் காட்டுதற்கு இருதயம் போலத் துடித்துக்கொண்டிருக்கும். அவ்விளக்கும் ஒரு கோப்பே. அக்கோப்பில் 0 என்று எழுதினால் விளக்கு அணையும். எழுதியவனுக்கு அப்போது உண்டாகும் மகிழ்ச்சி, முதன்முதல் வெண்பா ஒன்றைத் தளை தட்டாது முடித்த மாணாக்கனின் மகிழ்ச்சியை ஒத்ததாகும்.

இத்துணையும் இணையவழிப் பாடத்தில் நன்றாகவே உரைக்கப்படுகின்றது. ஆசிரியர் எங்கோ இருப்பினும் அவர் குரல் நம் வீட்டிற் கேட்கின்றது. விளங்காத இடத்தைப் பத்து முறை திருப்பிக் கேட்பினும் அவர் சினவார். நம் நாட்டில் ஐ.ஐ.டி.-களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்னும் அமைப்புக் கணிப்பொறிக் கலையின் அடிப்படைப் பாடங்கள் பலவற்றைக் கட்டணமின்றிக் கேட்க வழங்குகின்றது. பிரான்சு தேசத்துப் பூட்லின் என்னும் நிறுவனம் எம்பெடட் லினக்ஸ் பயிற்சிக்குத் தான் எழுதிய பாடக்குறிப்புகள் முழுவதையும் யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டுள்ளது. ஆதலின் பொருளில்லார்க்கு இக்கல்வி இல்லை என்பது இன்று பொருந்தாக் கூற்று.

எனினும், கேட்டு முடித்த அளவில் கற்றாயிற்றென எண்ணுதல் பெரும் மயக்கம். நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் இவ்வகைப் பாடங்கள் மூன்றை முடித்து, மூன்று நற்சான்றிதழ்களும் பெற்றவர். வேலைக்கு நேர்காணச் சென்றவிடத்து, மின்விசை ஏறியது முதல் லாகின் தோன்றும் வரை நிகழ்வன யாவை என ஒரே வினா வினவினர். அவர் அதனைப் படத்தில் பலகாற் கண்டவர். தம் கையாற் செய்து அறியாதவர். மூன்று தொடர்களுக்கு மேல் அவரால் உரைக்க இயலவில்லை. சான்றிதழ் மூன்றும் மேசைமேல் வாளா கிடந்தன. அவர் தந்தையார் அவற்றுக்கென்று கடன் வாங்கியிருந்தார் என்பதையும் சொல்லாதிருத்தல் இயலவில்லை.

இவ்விடத்தில் எம் பழந்தொழில் எமக்குத் துணைசெய்தது. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையை வகுத்துரைக்கின்றார். ஆசான் உரைத்ததை நன்கு கொண்டவனும் புலமையிற் காற்பங்கே எய்துவான். உடன் கற்பாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கோ பிறர்க்கு எடுத்துரைத்தலால் வருவது என்பது அவர் கருத்து. இக்கணக்கை இணையவழிப் பாடத்திற்கு வைத்துப் பார்மின்! பணம் கொடுத்து வாங்குவது எத்துணைச் சிறந்த பாடமாயினும் காற்பங்கே. முக்காற்பங்கு விலைக்கு வருவதன்று.

உடன் கற்றலின் பயனை யாம் கண்ணாரக் கண்டோம். துடிக்கும் விளக்கை இடையறாது எரியச் செய்ய வேண்டி அதன் கோப்பில் 1 என்று எழுதினோம். விளக்கோ துடித்தலை விடவில்லை. பாடத்தில் இதற்கு விடையில்லை. மூவருள் இளையவளான பெண், அதே அடைவில் ‘டிரிக்கர்’ என்று வேறொரு கோப்பு இருத்தலைக் கண்டு, விளக்கு இப்பொழுது துடிப்பின் ஆணைக்கு உட்பட்டுள்ளது, அவ்வாணையை முதலில் நீக்கவேண்டும் என்றாள். அதில் ‘நன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதி, பின்னர் 1 எழுதினாள். விளக்கு நிலையாய் எரிந்தது. தனித்திருந்தால் நால்வருள் எவரும் அன்றிரவு அதனைக் கண்டிரார். அடுத்த வாரம் அவளையே எழுந்து நின்று, கர்னலினுள் இவ்வாணை எங்ஙனம் வேலை செய்கின்றது என்று எமக்குக் கற்பிக்கச் சொன்னோம். அதன்பொருட்டு அவள் கர்னல் மூலத்தையே திறந்து படிக்கலாயினாள். மறைக்கப்படாத மூலமாதலின் அஃது அவளுக்குக் கைகூடிற்று. அரைப்பங்கு வருவது இவ்வாறேயாம்.

ஆங்கிலம் ஒரு தடையன்றோ எனின், தடையே; ஆயினும் கடக்கலாகாத தடையன்று. பாடத்தில் மீண்டும் மீண்டும் வருவன சில நூறு சொற்களே. அவற்றைத் தமிழிற் பொருளெழுதிக் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டால் நாட்செல்லச் செல்ல அச்சம் நீங்கும். ‘சி’ என்னும் நிரல்மொழியை முன்னரே ஓரளவு கற்றிருத்தல் மட்டும் இன்றியமையாதது. அஃதின்றி இதனுட் புகுதல், எழுத்தறியாதான் செய்யுள் இயற்றப் புகுதலை ஒக்கும்.

ஆகவே கல்வி நிதியைக் குறித்து யாம் சங்கத்தார் முன் வைக்கும் வேண்டுகோள்கள் நான்கு. முதலாவது, சான்றிதழுக்கெனக் கொடுக்கும் தொகையிற் பாதியைக் கொண்டு போர்டுகள் சிலவற்றையும், அவற்றோடு பேசுதற்குரிய சீரியல் கம்பிகளையும் வாங்கி, நம் சங்க நூல்நிலையத்தில் வைத்து, நூல்களைப் போலவே இரவல் கொடுத்தல் வேண்டும். போர்டு ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாயே. ஒன்றினைக் கொண்டு ஆண்டுதோறும் பலர் பயிலலாம். கம்பி 3.3 வோல்ட்டுக்கு உரியதாயிருத்தல் வேண்டும். 5 வோல்ட் கம்பி பீகிள்போனைக் கெடுத்துவிடும். போர்டு கிடைக்கும் வரை, ‘கியூ-இமு’ என்னும் இலவச நிரலால் மேசைக் கணிப்பொறியினுள்ளேயே போலிப் போர்டு ஒன்றை அமைத்துப் பழகலாம். இரண்டாவது, கட்டண உதவி வேண்டுவோர் விலையின்றிக் கிடைக்கும் பாடங்களை முதலில் முடித்து, செய்து காட்டுதல் வேண்டும். மூன்றாவது, உதவி பெற்றவர் இருவர்க்கேனும் கற்பித்தல் வேண்டும்; அதுவே அவர் சங்கத்திற்குத் திருப்பும் கடன். நான்காவது, சனிக்கிழமை மாலைகளில் சங்கக் கட்டடத்தின் ஓர் அறையைப் பயில்வார்க்கு ஒழித்துத் தரல் வேண்டும். அவ்வறையில் ஆண்மக்களைப் போலவே பெண்மக்களுக்கும் இடமிருத்தல் வேண்டும். எம் மூவருள் முந்தியவள் ஒரு பெண் என்பதை முன்னரே கூறினோம்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கணிப்பொறியின் முன் நெடுநேரம் அமர்ந்திருத்தலைக் கண்டு, கற்கின்றான் என்று மகிழவும் வேண்டா. கெடுகின்றான் என்று வருந்தவும் வேண்டா. ‘இன்று நீ செய்ததை எனக்குச் சொல்’ என்று ஒருமுறை கேளுங்கள். உங்களுக்கு விளங்குமாறு அவன் சொல்லுவானாயின் அவன் கற்றவன். உங்கள் பணமும் வீண்போகவில்லை. இளைஞர்காள்! காற்பங்கை வாங்கிவிட்டு முழுமையும் பெற்றதாக எண்ணி அமையாதீர்கள். மூலம் திறந்திருக்கின்றது, கருவி கைக்கு எட்டுகின்றது, உடன் கற்க ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், கற்பிக்க ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.