ஊர் மாறினேன்

பதவியிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் பலரிடம் ஓர் ஆசையைக் காணலாம். பட்டணத்தின் இரைச்சலை விட்டு ஏதேனும் ஓர் அமைதியான சிற்றூரில் போய் இருக்க வேண்டும். ஆனால் பட்டணம் கைக்கெட்டாத தூரத்திலும் இருக்கலாகாது என்பதே அந்த ஆசை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் கணக்கு ஆசிரியனாக இருந்த எனக்கும் அந்த ஆசை பிடித்தது. 2019 ஆம் ஆண்டில் திருவண்ணாமலைக்குக் குடிபெயர்ந்தேன்.

கணக்கு ஆசிரியன் ஆகையால் முதலில் தூரங்களைத்தான் கணக்கிட்டேன். சென்னை ஏறக்குறைய 190 கிலோமீட்டர், பெங்களூர் ஏறக்குறைய 200, புதுச்சேரி 100, வேலூர் 80. எங்கும் போகலாம், எதுவும் அருகில் இல்லை. இதைவிட வேறென்ன வேண்டும்? ஊரின் நடுவே பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரம். அதன் பின்னே, அந்தக் கோபுரத்தையும் ஒரு விளையாட்டுப் பொருள்போல் காட்டி நிற்கும் 2,668 அடி மலை. பார்த்த கண்ணுக்கு அலுப்பே தோன்றாது.

மாணவ நண்பர்களே! இவ்வூருக்குக் குடிபெயர்ந்தவர்களுள் புகழ் மிக்கவர் ஒருவர், அங்கு வந்தபோது உங்களைப்போல் ஒரு மாணவர். வயது பதினாறு. மதுரையில் படித்துக்கொண்டிருந்த அவருடைய பெயர் வேங்கடராமன். அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்தைக் கட்டுவதற்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு, 1896 ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 ஆம் நாள் ரயில் ஏறினார். திண்டிவனத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. மூன்று ரூபாயில் அது போக மிச்சம் எவ்வளவு? மூன்று அணா. விழுப்புரத்தில் இறங்கி, அதில் இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரை டிக்கெட் வாங்கினார். பிறகு நடந்தார். வழியில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்துத் திருக்கோவலூரிலிருந்து மீண்டும் ரயில் ஏறினார். செப்டம்பர் முதல் நாள் காலை அவர் திருவண்ணாமலையை அடைந்தார். உலகம் பின்னாளில் ரமண மகரிஷி என்று போற்றியது அவரைத்தான்.

அமைதியை நாடி வந்த அந்தச் சிறுவருக்கு இவ்வூர் உடனே அமைதியைக் கொடுத்ததா? இல்லை. ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்திருந்தவர்மேல் குறும்புப் பிள்ளைகள் கல் எறிந்தார்கள். அதற்கு அஞ்சி அவர் பாதாள லிங்கத்தின் இருட்டறைக்குள் போனார். அங்கே பூச்சிகள் அவர் உடலைப் புண்ணாக்கின. பின்னர் விரூபாக்ஷ குகை, அதன்பின் கந்தாசிரமம், 1922 முதல் மலையடிவாரம் என இடம் மாறினாலும், 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை, 54 ஆண்டுகள், அவர் இம்மலையை விட்டு அகலவேயில்லை. அவருடைய சமயக் கருத்துக்களை இங்கே நான் பேச வரவில்லை. ஊர் ஒன்று அமைதியைத் தட்டில் வைத்து நமக்கு நீட்டுவதில்லை என்ற சிறு செய்தியை மட்டுமே அவர் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். வந்த புதிதில் மனை ஒன்று வாங்க அலைந்தேன். தரகர் ஒருவர் மலைச்சரிவில் ஓர் இடத்தைக் காட்டினார். வாசலில் நின்றால் கோபுரம் தெரியும். பின்பக்கம் திரும்பினால் மலை. விலையும் என் கைக்கு அடங்கியது. முன்பணம் கொடுக்க நான் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன். அப்போது அவ்வழியே ஆடு ஓட்டிக்கொண்டு போன மூதாட்டி ஒருத்தி நின்று என்னைப் பார்த்தாள்.

“இங்க வூடு கட்டப் போறீங்களா சாமி? இது மலைத் தண்ணி எறங்கற வழியாச்சே!” என்றாள்.

தரகர் சிரித்தார். அந்த இடம் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. தண்ணீரின் அடையாளம் எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. மூதாட்டி விடவில்லை. “பத்து வருசம் வராது, பதினோராம் வருசம் வரும். தண்ணி தன் வழிய மறக்காது சாமி” என்று சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னே போய்விட்டாள்.

அந்தச் சொல் என் தூக்கத்தைக் கெடுத்தது. அடுத்த சில வாரங்கள் மலையைச் சுற்றி நடந்தேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பக்தர்கள் மலையைப் பார்த்து நடப்பார்கள். நான் தரையைப் பார்த்து நடந்தேன். மலையிலிருந்து ஓடைகள் இறங்குவதும், அவை குளங்களையும் ஏரிகளையும் நோக்கிப் போவதும், சில ஓடைகள் ஒரு சுவரில் முட்டி மறைந்துவிடுவதும் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டன. அந்த மனையை வாங்காமல் சமவெளியில் ஒரு சிறு வீட்டில் வாடகைக்கு அமர்ந்தேன். கோபுரம் அங்கிருந்து தெரியாது.

2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ‘ஃபெஞ்சல்’ புயல் இம்மாவட்டத்தில் பெருமழையைக் கொட்டிற்று. டிசம்பர் முதல் நாள் வ.உ.சி. நகர்ப் பகுதியில் மலைச்சரிவு சரிந்து, பாறையும் சேறும் வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குக் கடுகளவும் இல்லை. வேறிடம் தேடும் வசதி எல்லோருக்கும் வாய்த்துவிடுவதில்லை. எனக்கோ அது வாய்த்திருந்தது. வாய்த்திருந்தும் ஒரு காட்சியின் அழகுக்காகச் சரிவில் போய் அமர நான் துணிந்தேன் என்பதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 1901 இல் இவ்வூரின் மக்கள்தொகை ஏறக்குறைய 17,000. 2011 இல் 1,45,000. எட்டரை மடங்கு! 2024 மே மாதத்தில் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து இவ்வூருக்கு நேரே ரயில் வந்தது. அதே ஆண்டில் ஊர் மாநகராட்சியும் ஆயிற்று. அமைதியான சிற்றூர் என்று தேடி வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அதைப் பேரூராக்கிவிட்டோம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். கூட்டம் பெருகிவிட்டது என்று குறை கூற எனக்கு என்ன உரிமை?

விடியற்காலையில் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் வண்டிகளில் என்னைப்போன்ற நரைத்த தலைகள் இறங்குகின்றன. அதே வண்டிகள் திரும்பும்போது இம்மாவட்டத்து இளைஞர்கள் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் ஏறிப் போகிறார்கள். எங்களுக்கு அமைதியாகத் தோன்றுகிற ஊர், அவர்களுக்கு வேலை இல்லாத ஊர். நாங்கள் வந்து மனையின் விலையை உயர்த்துகிறோம். அவர்கள் தம் ஊரிலேயே ஒரு மனை வாங்கப் பட்டணத்தில் உழைக்கிறார்கள்.

ஆகையால் ஊர் மாறுவது தவறு என்று நான் சொல்லவில்லை. யாதேனும் ஒரு காலத்தில் நீங்களும் ஊர் மாறுவீர்கள். அப்போது காற்று எப்படி, காட்சி எப்படி என்று கேட்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேளுங்கள். அதை வரைபடத்திலும் பாருங்கள். அங்கே ஆடு மேய்ப்பவரிடமும் கேளுங்கள். அந்த ஊர் உங்களுக்கு என்ன தரும் என்று கணக்கிடும்போதே, ஊருக்கு நீங்கள் தரப்போவது என்ன என்ற மறுபக்கத்தையும் எழுதிப் பாருங்கள். இருபக்கமும் சரியாக வந்தால்தானே கணக்கு?

என் பக்கத்தில் எழுதிக்கொள்ள மிகுதியாக ஒன்றும் இல்லை. மாலையில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் சிலர் கணக்குப் பாடம் கேட்க வருகிறார்கள். 1980களின் இறுதியில் தொடங்கி, மொட்டையாய்க் கிடந்த மலையில் மரம் வளர்த்தவர்களின் உழைப்பால் இன்று பசுமை தெரிகிறது. அந்த மரங்களின் நிழலில் நடக்கும்போது, நான் வாங்கிய கடன் எவ்வளவு என்பது நினைவுக்கு வரும்.

அந்தப் பெருமழை ஓய்ந்த சில நாள் கழித்து, ஆட்டுக்கார மூதாட்டி என் வாசலில் நின்றாள். “தண்ணி வூட்டுக்குள்ள வந்துச்சா சாமி?” என்று கேட்டாள். “வரவில்லை, அம்மா” என்றேன். அவள் தலையை அசைத்துவிட்டு நடந்தாள். இந்த ஊரில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அன்றுதான் தோன்றியது.