நாட்களை எண்ணிய அண்ணன்

(மும்பையில் ரயில்வேத் தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டிய நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கீமேன் அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து முப்பது நாள் ஆகிறது. அவருக்கென்று ஒரு பெயர் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் லைனில் இருந்தவர்களும் சரி, அலுவலகத்தில் இருந்த நாங்களும் சரி, கடைசி வரை கீமேன் அண்ணன் என்றுதான் அழைத்தோம். இந்த மேடையிலும் அப்படியே அழைக்கிறோம்.

கீமேன் வேலை என்னவென்று இங்கே வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் தோளில் ஸ்பானர், சுத்தியல், கையில் கொடிகள், பையில் பட்டாசு. தன் பகுதித் தண்டவாளம் முழுவதையும் நடந்தே பார்க்க வேண்டும். கழன்ற கிளிப்பை அடித்து இறுக்க வேண்டும், தளர்ந்த போல்ட்டை முடுக்க வேண்டும். தண்டவாளம் முறிந்திருந்தால் வண்டி வரும் திசையை நோக்கி ஓட வேண்டும். அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒரு பட்டாசு, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று பட்டாசு. சக்கரம் ஏறி அது வெடித்தால்தான் டிரைவருக்கு ஆபத்து தெரியும். வண்டியில் உட்கார்ந்து வந்த எத்தனை பேர் அவர் முகத்தைப் பார்த்திருப்பார்கள்?

அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தினக்கூலியாகச் சேர்ந்தவர். 1974 மே 8-ஆம் தேதி ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. எட்டு மணி நேர வேலையும் போனசும் கேட்ட போராட்டம் அது. நிரந்தரத் தொழிலாளிக்கே சிறையும் வேலை நீக்கமும் காத்திருந்த நேரத்தில், எந்தப் பாதுகாப்பும் இல்லாத கூலியாளாக அவர் வெளியே வந்து நின்றார். மே 27-ல் போராட்டம் திரும்பப் பெறப்பட்டது. அவருக்கு வேலை போயிற்று. வெகுநாள் கழித்து மீண்டும் எடுத்தார்கள். ஆனால் பழைய நாட்கள் கணக்கில் இல்லை என்றார்கள். முதல் நாளிலிருந்து தொடங்கினார். வேலைநிறுத்தம் செய்ததற்காக அவர் வருத்தப்பட்டு நாங்கள் கேட்டதில்லை. உழைத்த நாட்கள் காணாமல் போனதை மட்டும் அவர் மறக்கவே இல்லை.

அதனால்தான், 1985-ல் இந்தர்பால் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 360 நாள் தொடர்ந்து வேலை செய்த திட்டப்பணிக் கூலிகளுக்குத் தற்காலிக ஊழியர் என்ற தகுதி கிடைக்க வழி பிறந்தபோது, அண்ணன் சும்மா இருக்கவில்லை. லைனோரக் குடிசைகளில் ஏறி இறங்கினார் என்று எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். கூலி அட்டை எங்கே, எங்கே என்று கேட்டு, அரிசிப் பானையிலிருந்தும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் எடுத்து வரச் செய்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை உட்கார வைத்து நாட்களைக் கூட்டினார். அந்தக் கூட்டல் கணக்கில் நிரந்தரமானவர்களின் பிள்ளைகள் இன்று இந்த அரங்கில் இருக்கிறார்கள்.

இனி எங்கள் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கேங்மேன் ஒருவர் வேலையில் இறந்தார். அவர் மனைவியின் குடும்பப் பென்ஷன் காகிதம் எங்கள் மேசைக்கு வந்தது. ஒரு தாளில் கணவர் பெயர் முதலெழுத்தோடு, இன்னொன்றில் முதலெழுத்து இல்லாமல், மூன்றாவதில் எழுத்தே மாறி இருந்தது. தமிழ்ப் பெயர் இந்த ஊரில் படும் பாடு உங்களுக்குத் தெரியும். 'பெயர் வேறுபாடு' என்று எழுதி மூன்று முறை திருப்பி அனுப்பினோம். பதினோரு மாதம் ஓடிற்று. தமிழர்களான நாங்களே அதைச் செய்தோம்.

அண்ணன் வந்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, அந்தப் பேரை எழுதினது அந்தம்மாவா, இந்த ஆபீஸா?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. "பழைய தாள் எங்கேயும் போயிருக்காது. நீங்க தேடுங்க, நான் இப்படி ஒக்காந்திருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். டியூட்டி முடிந்து நாள்தோறும் வந்தார். போகும்போது, "உங்க பேனாவும் ஸ்பானர்தான் தம்பி. முடுக்காம விட்டா எவன் வீடாவது கவிழும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். ஆறாம் நாள், கைரேகை வைத்த முதல் தாள் ஒரு பழைய கட்டில் கிடைத்தது. அதன் பிறகு எங்கள் மேசையில் ஒரு விதவையின் காகிதத்தைப் பெயரெழுத்துக்காக நாங்கள் திருப்பியதில்லை. நாங்களே எழுந்து போய்த் தேடுகிறோம்.

தோழர்களே, புகழ்ந்து பேசிவிட்டுக் கலைந்து போனால் அண்ணனுக்கு நாம் நன்றி செய்தவர்கள் ஆகமாட்டோம். இன்று தண்டவாளத்திலும் பிளாட்பாரத்திலும் ஒப்பந்தக்காரரின் கீழ் எத்தனையோ தம்பிகள் உழைக்கிறார்கள். அவர்களில் பலரிடம் அந்தப் பழைய கூலி அட்டை அளவுக்குக்கூடச் சான்று கிடையாது. எத்தனை நாள் வேலை செய்தாய் என்றால் விரல் விட்டு எண்ணுகிறார்கள். பி.எப். எண் என்னவென்று கேட்டால் மேஸ்திரியைக் கைகாட்டுகிறார்கள். 1974-ல் அண்ணனின் நாட்கள் காணாமல் போனதுபோல் இவர்களின் நாட்களும் போக விடலாமா?

அண்ணனின் டிரங்குப் பெட்டியை அண்ணி நம் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். திறந்து பார்த்தோம். பதினான்கு கூலி அட்டைகள் இருந்தன. நாள் குறைந்ததாலோ, ஆள் ஊர் திரும்பியதாலோ, இறந்து போனதாலோ நிரந்தரம் கிடைக்காமல் போனவர்களின் அட்டைகள். என்றைக்காவது உதவும் என்று அவற்றையும் அவர் எறியவில்லை.

அந்தப் பெட்டியை அலமாரியில் பூட்டி வைக்கப் போவதில்லை. வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணிக்கு அதைச் சங்க அறையில் திறந்து வைத்து, அருகில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். ஒப்பந்தத் தம்பிகள் சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம் எது இருந்தாலும் கொண்டு வரட்டும். இல்லாதவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுப்போம். வேலை செய்த நாளை அன்றன்றே எழுதட்டும். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக் கொடுக்க எங்களிடம் பேனா இருக்கிறது.

கீமேன் அண்ணன் நினைவு வாழ்க!