தடை உத்தரவு இல்லாமலே ஒரு பத்திரிகையை நிறுத்தப் பார்த்த கதை: யாழ்ப்பாணம் 'உதயன்'

(ஸ்ரீமுஷ்ணம் இளைஞர் கூட்டத்தில் நம் ஐ.டி. விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இன்ஜினியரிங் படிச்சவன். ஒரு மெஷின் நின்னா, எது வராம நின்னுச்சுன்னுதான் முதல்ல பார்ப்போம். பத்திரிகையும் அப்படித்தான். பேப்பர், மை, கரண்ட், வேலை செய்ய ஆள். இதுல ஒண்ணைப் பிடுங்கினா போதும், தடை உத்தரவே வேண்டாம். 1975 ஜூன் 25 ராத்திரி எமர்ஜென்சி வந்தப்போ, டெல்லியில பத்திரிகை அச்சகங்கள் இருந்த தெருவுக்குக் கரண்டைத்தான் கட் பண்ணாங்க.

அப்படி எல்லாப் பக்கமும் அடி வாங்கியும் நிற்காத தமிழ்ப் பத்திரிகை ஒண்ணு இருக்கு. யாழ்ப்பாணத்து 'உதயன்'. 1985-ல் ஆரம்பிச்சது.

2006 மே 2. மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். துப்பாக்கியோட வந்தவங்க அலுவலகத்துக்குள்ள புகுந்து சுட்டாங்க. ஊழியர்கள் ரெண்டு பேர் இறந்தாங்க. தெருவுக்குத் தெரு ராணுவம் நின்ன ஊர்ல அவங்க எப்படி வந்தாங்க, எப்படிப் போனாங்க?

அதே வருஷம் ஆகஸ்ட்ல ஏ-9 சாலையை மூடினாங்க. நம்ம ஊருக்கு வர்ற எல்லா ரோட்டையும் ஒரே நாள்ல அடைச்சா எப்படி இருக்கும், அப்படி. உணவுப் பொருளோட சேர்ந்து பத்திரிகைக் காகிதமும் மையும் தட்டுப்பாடு. உதயன் பக்கத்தைக் குறைச்சது, பிரதியைக் குறைச்சது. ஆனா வந்தது.

ஆசிரியர் ம.வ.கானமயில்நாதன் வெளிய போனா உயிருக்கு ஆபத்துன்னு வருஷக்கணக்கா அலுவலகத்துலயே தங்கினார். நமக்கு வீடே ஆபீஸ், அவருக்கு ஆபீஸே வீடு.

2009 மே மாசம் போர் முடிஞ்சது. அப்பவாவது விட்டாங்களா? 2011 ஜூலையில் செய்தி ஆசிரியர் குகநாதனை இரும்புக் கம்பியால அடிச்சாங்க. 2013 ஏப்ரல்ல கிளிநொச்சி அலுவலகம் தாக்கப்பட்டது. பத்தே நாள்ல யாழ்ப்பாணத்துல அச்சு இயந்திரத்துக்கே தீ வச்சாங்க. எல்லாமே மகிந்த ராஜபக்ச ஆட்சியில நடந்தது.

நம்ம வேலை முழுக்க ஃபோன்ல. நெட்டை நிறுத்தினா நம்ம பேஜ் அந்த நிமிஷமே காலி. 2019 ஆகஸ்ட்ல காஷ்மீர்ல அதுதான் நடந்தது. அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவங்கள்ல முக்கியமானவர் ஒரு பத்திரிகை ஆசிரியர், 'காஷ்மீர் டைம்ஸ்' அனுராதா பாசின். காலவரையில்லாம நெட்டை முடக்கக் கூடாதுன்னு 2020 ஜனவரி 10-ல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு நமக்கும் சேர்த்துத்தான்.

அதனால ஐ.டி. விங் தம்பிங்க கிட்ட ரெண்டே விஷயம் கேட்கிறேன். செய்தியைப் பகிரும்போது பத்திரிகை பேரையும் நிருபர் பேரையும் வெட்டிட்டு நம்ம லோகோவை ஒட்டாதீங்க. நம்மளை விமர்சிச்சு எழுதின நிருபரோட ஃபோன் நம்பரைப் போட்டு ஆபாசமா திட்டுற வேலை நம்ம பேஜ்ல வேண்டவே வேண்டாம். பதில் இருந்தா ஆதாரத்தோட போடுங்க.