கூட நடக்க ஓர் ஆள்



கீமோ போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவரை நாம் என்ன செய்கிறோம்? கட்டிலில் படுக்க வைத்துவிடுகிறோம். "நீ ஏன் எழுந்தே? கேட்டா தண்ணி எடுத்துத் தரமாட்டேனா?" என்று ஓர் அதட்டல் வேறு. எல்லாம் பாசம்தான். ஆனால் அந்தப் பாசம் அவருடைய தசையைக் கரைக்கிறதே, ஐயா!

புற்றுநோயில் வரும் அசதி, தூங்கி எழுந்தால் போகிற அசதி அல்ல. படுக்கப் படுக்க உடம்பு தளரும். தளரத் தளர இன்னும் படுக்கத் தோன்றும். சிகிச்சை நடக்கும்போதே மெல்ல நடந்து பழகுகிறவர்களுக்கு அந்த அசதி குறைகிறது.

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு பிரிவாக்கி, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், பல ஆண்டுகள் கவனித்தார்கள். 2025இல் முடிவு வெளியானது. எட்டாண்டில் உயிரோடு இருந்தவர்கள் ஒரு பிரிவில் நூற்றுக்கு 83 பேர். மற்றதில் 90 பேர். இதையே ஒரு மாத்திரை சாதித்திருந்தால் அதன் விலை நமக்கு எட்டுமா, யோசித்துப் பாருங்கள்!

என்ன வித்தியாசம்? முதல் பிரிவுக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். உடற்பயிற்சி நல்லது என்று அதிலும் இருந்தது. இரண்டாவது பிரிவுக்குக் கையேட்டோடு ஓர் ஆளையும் கொடுத்தார்கள். மூன்று வருடம்! போன வாரம் நடந்தீர்களா, முழங்கால் வலிக்கிறதா என்று விசாரித்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்க வைக்கும் பயிற்சியாளர். வழக்கத்தைவிடக் கூடுதலாக வாரத்துக்கு மூன்று நான்கு தடவை முக்கால் மணி நேர வேகநடை. கணக்கு ஏறத்தாழ அவ்வளவுதான்.

நம் ஊரில் அந்தப் பயிற்சியாளருக்கு எங்கே போவது? இதோ, முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்களே!

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையால் குடம் தூக்கவே கூடாது, கை வீங்கிவிடும் என்றும் பயமுறுத்துவோம். 1996இல் கனடாவின் வான்கூவரில் டாக்டர் டான் மெக்கன்சி, அந்த நோயிலிருந்து மீண்ட 24 பெண்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி தந்து படகில் துடுப்புப் போட வைத்தார். ஒருவருக்கும் புதிதாகக் கைவீக்கம் வரவில்லை. படிப்படியாக என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

காய்ச்சல் அடித்தாலோ, ரத்த அணுக்கள் குறைந்திருந்தாலோ, நோய் எலும்புக்குப் போயிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். மற்றபடி முதல் நாள் வாசல்வரை போதும், பிறகு தெருமுனை. வேகத்தை நோயாளியே முடிவு செய்யட்டும். நடக்கும்போது அவருக்குப் பேச வர வேண்டும், பாட மூச்சு பற்றக்கூடாது. அதுதான் சரியான வேகம்.