கர்ப்பக் காலத்திலும் தாய்ப்பால்

இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை, வயிற்றில் இன்னொன்று. "இனிமே பால் கொடுக்காதே, பிள்ளைக்கு ஆகாது" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அந்தப் பயம் வேண்டாம். கருவுற்ற தாயின் பால் கெட்டுப்போவதில்லை. நான்காம், ஐந்தாம் மாதவாக்கில் பால் குறையும், சுவை மாறும், பிறகு மெல்லச் சீம்பாலாகும். சில பிள்ளைகள் தாமாகவே மறந்துவிடுவார்கள்.

பிள்ளை குடிக்கும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கருப்பை லேசாக இறுகும். நலமான கர்ப்பத்தில் அது பிரசவத்தைத் தூண்டுவதில்லை. ஆனால் முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள், இரத்தப்போக்கு உள்ளவர்கள், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடர வேண்டும்.

தாய் சாப்பிடுவதுதான் இதில் முக்கியம். வீட்டில் இருப்பவர்களே, பாலை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் அவள் தட்டில் ஒரு முட்டையும் கொஞ்சம் கீரையும் கூடுதலாக வையுங்கள்.