தடவுத்தீயும் வாடைக்காற்றும்



நம் கவியரங்குகளில் குளிர் என்றாலே வெண்பனி பெய்கிறது. பெய்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? இரவல் பனி நமக்கெதற்கு? நக்கீரரின் நெடுநல்வாடை கையில் இருக்கிறது. 188 அடிகளுள் முதல் 70-க்கும் சற்று மேற்பட்டவை கூதிர்க்காலத்துக்கே உரியவை.

வெள்ளத்துக்கு அஞ்சி நிரையோடு மேட்டுநிலம் ஏறிய கோவலர் கையில் கொள்ளி ஏந்தியும் கன்னம் புடைக்க நடுங்குகிறார்கள். பால்குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது; தாய்மையையும் மறக்கச்செய்யும் குளிர் அது! ஊருக்குள் வந்தால் வேறு காட்சி. சந்தனக் கல்லுக்கு வேலையில்லை. விசிறி முளையில் தொங்க, அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. மேல்மாடப் படுக்கையை நாடுவாரில்லை. கதவுகள் தாழிட்டுக் கிடக்கின்றன. குறுகிய வாய்க் கன்னலின் தண்ணீரை விடுத்து, அகன்ற வாய்த் தடவில் இட்ட நெருப்பை எல்லோரும் நுகர்கிறார்கள். தடவு என்பது கணப்புச்சட்டி, அகிற்புகை தனி. ஆடல்மகளிர் குளிரால் நிலைமாறிய யாழ்நரம்பை மார்பின் வெம்மையில் தடவிப் பண் நிறுத்துகிறார்கள். அந்தச் சிலந்தி நூல் ஒன்றுக்காகவே நான் நக்கீரரைத் தொழுவேன். குளிர் என்ற சொல் தேவைப்படாத இடம் அது.

இத்தனை காப்பும் அமைந்த அரண்மனையில், அன்னத்தூவி பரப்பிய தந்தக்கட்டிலில் அரசி கண்ணீரோடு இருக்கிறாள். தலைப்புக்குப் பழைய உரை கூறும் விளக்கம் நீங்கள் அறிந்ததே: பிரிந்திருக்கும் அவளுக்கு வாடை நெடிது; வினைமேற் சென்ற அரசனுக்கு நல்லது. முதற்பாதியில் எனக்குத் தடையில்லை. பிற்பாதியில்தான் மனம் ஒப்பவில்லை. பாசறையில் புண்பட்டுக் கிடக்கும் மறவர்க்கும் அது நல்ல வாடைதானா? அவர்கள் பக்கத்தில் தடவு இருந்ததாகப் புலவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊரின் தடவுத்தீயைக் காட்டியவர் இங்கே வாளாவிருந்தது மறதி என்று நான் கொள்ளமாட்டேன்.

அவர் காட்டுவது இதுதான். வாடை வீசுந்தோறும் பாசறை விளக்குகளின் சுடர் தெற்கே சாய்கிறது. வேப்பந்தழை கட்டிய வேலால் முன்செல்வோன் புண்பட்டவரை ஒவ்வொருவராகச் சுட்டுகிறான். குதிரைகள் உடலில் பட்ட துளியை உதறுகின்றன. நழுவும் மேலாடையை இடப்பக்கம் தழுவிக்கொண்டு, வாள்தாங்கிய இளைஞன் ஒருவன் தோளில் கைவைத்து, குடை மறைக்கும் தூறலினூடே, நள்ளிரவும் உறங்காமல் அரசன் நடக்கிறான்.