விபத்து என்று எழுதுவது யார்?



நம்மைவிட்டுப் பிரிந்த தோழரின் நினைவாகக் கூடியிருக்கும் இந்த அவையில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறோம். விபத்து என்பதே அந்தச் சொல். மலக்குழியில் இறங்கிய தொழிலாளி இறந்ததும் காவல் நிலையத்தில் அதைத்தான் எழுதுகிறார்கள். மறுநாள் செய்தித்தாளும் அதையே அச்சிடுகிறது.

எதிர்பாராமல் நடப்பதைத்தானே விபத்து என்கிறோம்? மலக்குழிக்குள் விஷவாயு இருக்கும் என்பது யாருக்குத் தெரியாது? ஹைட்ரஜன் சல்பைடு அடர்த்தியாகச் சேர்ந்தால் அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போதே ஆள் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். இவ்வளவும் தெரிந்துதான் ஆளைக் கூப்பிடுகிறார்கள். எந்தத் தெருவுக்குப் போய்க் கூப்பிட வேண்டும் என்பதும் தெரிந்தே கூப்பிடுகிறார்கள்.

சட்டம் இதை விபத்தாகப் பார்க்கவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தனிநபரோ உள்ளாட்சியோ நிறுவனமோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஒருவரைச் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆபத்தான முறையில் இறக்கி வேலை வாங்கக் கூடாது என்கிறது. ‘மறைமுகமாக’ என்ற சொல்லை மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரரைக் காட்டி நகராட்சியும், லாரிக்காரரைக் காட்டி வீட்டு உரிமையாளரும் நழுவிவிடாதபடி தடுப்பது அந்தச் சொல்தான். முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. இது பிணையில் விட முடியாத குற்றம். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மலம் அள்ள வைப்பது, 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் குற்றம்.

நடைமுறையோ வேறு. முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவு. இயற்கைக்கு மாறான மரணம் என்று பதிந்துவிட்டால் செத்தவர் இருப்பார், குற்றவாளி இருக்க மாட்டார்.

அடுத்த பேரம் பிணவறை வாசலில் நடக்கும். உடலை வாங்கக் காத்திருக்கும் மனைவியிடம் ஒரு கட்டுப் பணத்தையும் ஒரு தாளையும் நீட்டுவார்கள். ‘அவராகத்தான் இறங்கினார், எங்களுக்கு வழக்கு வேண்டாம்’ என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாள் செல்லாது என்று அந்த இடத்தில் சொல்வதற்கு நம்மில் ஒருவராவது இருக்க வேண்டும். 2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி, தொழிலாளி இறந்தால் இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டியிருந்தது. முதலாளி நேரடியாகக் கொடுக்கும் பணம் இழப்பீடாகக் கணக்கில் வராது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. தன் வழக்கமான வேலையை ஒப்பந்ததாரர் மூலம் செய்விக்கும் முதன்மை முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. சொல்பேச்சு கேட்காமல் இறங்கினார் என்ற வாதம், மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒப்புக்கொண்ட உரிமையைத்தான் இன்றும் ‘கருணைத் தொகை’ என்று பெயர் மாற்றிக் கொடுக்கிறார்கள்.

சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வர 2014 மார்ச் 27 ஆயிற்று. 1993 முதல் சாக்கடைப் பணியில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றும், அவசர நிலையிலும் பாதுகாப்புக் கருவியின்றி இறக்குவதைக் குற்றமாக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று, பல்ராம் சிங் வழக்கில் அந்தத் தொகை 30 லட்சமாக உயர்ந்தது. உயிர் பிழைத்தவர்களைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. நிரந்தர ஊனத்தால் பிழைப்பை இழந்தவருக்கு 20 லட்சத்துக்குக் குறையாமலும், மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையாமலும் தர வேண்டும். வாரிசுக்கு வேலையும் பிள்ளைகளுக்குப் படிப்பும் மறுவாழ்வில் அடங்கும். செத்தவர் பெயராவது செய்தியில் வருகிறது. பிழைத்து வீட்டில் கிடப்பவரை நம் இயக்கங்களும் தேடிப்போவது குறைவு.

ஆகவே, செய்தி கேட்டதும் நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. உடற்கூறாய்வுக்கு முன்பே முதல் தகவல் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். 2013 சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். யார் கூப்பிட்டது, யார் கூலி பேசியது, என்ன கருவி கொடுத்தார்கள் என்பதைச் சாட்சிகள் கலைவதற்குள் எழுதிவைக்க வேண்டும். காயம்பட்டவர் என்றால் மருத்துவமனைச் சீட்டு முதல் ஊனச் சான்றிதழ் வரை ஒரு தாளும் தொலையக் கூடாது. பணம் வந்துவிட்டது என்பதற்காகக் குற்ற வழக்கைக் கைவிடக் கூடாது. இழப்பீடு குடும்பத்தின் உரிமை. தண்டனை நம் எல்லோருக்கும் உரிய நியாயம்.

உயிருக்கு விலை பேசுகிறீர்களா என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். விலையைச் சாதி எப்போதோ பேசி முடித்துவிட்டது. ஓர் இயந்திரம் வாங்குவதைவிட ஓர் ஆளை இறக்குவது மலிவு என்பதுதான் அந்தக் கணக்கு. இறக்கியவர் சிறைக்குப் போவார், இறக்கச் சொன்ன அலுவலகம் 30 லட்சம் கட்டும் என்பது ஒவ்வொரு ஊரிலும் உறுதியானால், மறுநாளே இயந்திரம் வந்து நிற்கும்.

மாணவ நண்பர்களே, அவரவர் ஊரில் இப்படி ஒரு வழக்கு ஏதாவதொரு கட்டில் உறங்கிக்கொண்டிருக்கும். அது எந்தப் பிரிவில் பதியப்பட்டது, யார்மீது பதியப்பட்டது என்று போய்க் கேளுங்கள். உங்கள் ஆய்வு அங்கிருந்து தொடங்கட்டும்.